மனிதருக்கு இன்னும் போடாத மருந்து

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டு நல்லமுத்துவின் காலில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றிய எந்த மருந்துக்கும் கிருமி அசையவில்லை. அவருடைய மகள் தனுஷிகா கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். இப்படிப்பட்ட கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துண்டுகளை, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களில் அடைத்துப் புண்ணின் ஆழத்துக்கு அனுப்புவதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"அந்த மருந்த எனக்குப் போட்டு விடேன் தாயி," என்றார் நல்லமுத்து, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த மகளிடம்.

"எலிக்குத்தாம்ப்பா போட்டுப் பாத்திருக்கோம். பாதி எலிக்குப் புண்ணு ஆறிருச்சு. மீதி கிட்னி போயி செத்துப்போச்சு."

"பாதி பொழைச்சிச்சில்ல?"

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, அவருக்கு வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் றமணன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"காலை எடுத்தால்தான் ஆளைக் காப்பாத்தலாம். கையெழுத்துப் போடுங்கோ."

போட்டாள். காலை எடுத்தார்கள். ஆனால் கிருமி அதற்குள் இரத்தத்தில் கலந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். கடைசிவரை அவளோடு பேசவேயில்லை.

மருந்தைப் போடாதது சரி என்றுதான் தனுஷிகா இன்றும் நினைக்கிறாள். ஆனாலும், அப்பா தன்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம் என்று அவளுக்கு இருக்கிறது.