ஒரு திருத்தத்துக்கு ஒரு சாண்

சட்டத்தின் முன் எல்லோரும் சமம். குடைப் பட்டறை முதலாளி மட்டும் ஏழு சாண் மேலே இருந்தார். தொழிலாளர் சட்டத்தில் அவர் நிறைவேற்றாமல் விட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு சாண் வீதம் தரையிலிருந்து எழும்பியிருந்தார். மற்றபடி பசி, தூக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் வழக்கம்போலத்தான்.

சட்டத்தை மதிக்காதவர் என்று யாரும் நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட முடியாது. சுற்றறிக்கை வந்த அன்றே அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார், பழையதன் மேலேயே. படிக்கிற வழக்கமில்லை, ஒட்டிவிட்டால் நிறைவேற்றிய மாதிரிதான் என்பது அவர் கட்சி. ஆறு வருடத்தில் பலகை மெத்தைபோல் உப்பி, தையல்காரிகள் ஊசி குத்திவைக்க வசதியாகிவிட்டது. முதல் சாண் எழும்பியபோது வளர்ந்துவிட்டதாகப் பெருமைப்பட்டார். நாலாவது சாணில் கையெழுத்துப் போட அவரைக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஏழாவதில் தலை மின்விசிறிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. எட்டாவது திருத்தம் திங்கட்கிழமை வருவதாக வானொலி சொன்னது. விசிறியை நிறுத்தினால் புழுக்கத்தில் வேலை வாங்கிய குற்றத்துக்கு இன்னொரு சாண், ஓடவிட்டால் தலை.

துணி வெட்டும் அக்காதான் இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டித் தாள்களை ஒவ்வொன்றாக உரித்து, அண்ணாந்து வாசித்தாள்.

"ஆளுக்கொரு நாற்காலி போடணுமாம், முதலாளி."

"துணியை நின்னுக்கிட்டுதானே வெட்டணும்?"

"அதை அங்கிருந்தே சொல்றீங்களா, இறங்கி வந்து சொல்றீங்களா?"

நாற்காலிகள் வந்தன; ஒரு சாண் இறங்கினார். ஓய்வறை திறந்ததில் இன்னொன்று. புகார்க் குழு கூடிய முதல் நாளே முதலாளியின் காலுறை நாற்றம் பற்றி ஒன்பது புகார்கள் குவிந்தன. நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் மூக்குக்கு நேரே தொங்கியதால் யாராலும் மறுக்க முடியவில்லை. காலுறை மாறியது, மூன்றாவது சாணும் குறைந்தது. ஞாயிறு மாலைக்குள் வேறு மூன்று திருத்தங்களும் நிறைவேறி மூன்று சாண் இறங்கின; கடைசித் திருத்தப்படி இருபத்திரண்டு பேருக்கும் பணி நியமனக் கடிதமும் கொடுத்தாயிற்று. ஆனாலும் ஒரு சாண் பாக்கி.

"கணக்கு எழுதறது யாரு?" என்றாள் அக்கா.

பத்தொன்பது வருடமாக எழுதுவது அவர் மனைவி. அன்றே கடிதம் தயாரானது. மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"இத்தனை வருஷத்து லீவு?"

"நம்ம பட்டறைம்மா இது. நமக்குள்ள என்ன லீவு?"

"அப்படின்னா சேரலாமான்னு யோசிச்சுதான் சொல்லணும்" என்று கடிதத்தை மடித்துப் பையில் வைத்தவள், யோசிப்பதற்காகத் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டாவது திருத்தம் வந்தது. முதலாளி அதைப் படித்து, சொன்னபடி செய்துவிட்டுத்தான் ஒட்டினார், எழும்பவில்லை. விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. தங்கை வீட்டிலிருந்து பதில் வரவில்லை. அந்த ஒரு சாணைப் பட்டறையில் இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கழிவறையில் மட்டும் அவர் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறார்.