போயிட்டு வரேன்

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள் ஜான்சி. இடது கால் செருப்பு பந்தல் கம்பின் ஓரமாக அகப்பட்டது. வலது காலுடையது யாருடைய ஷூவுக்கோ அடியில் கிடந்தது. குனிந்து அதை இழுக்கும்போதுதான் நாத்தனார் லூர்து பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்குக்கா. இன்னிக்கு சனிக்கிழமை."

அவ்வளவுதான், கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த செபமாலை நின்றுபோயிற்று. ஐஸ் பெட்டிக்குள் சவுரிமுத்து வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். நேற்று சாயங்காலம் காப்பியைக் குடித்துவிட்டு, "நெஞ்சு கரிக்குது" என்றவர். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவருடைய தம்பி அந்தோணிசாமி எழுந்து வாசலுக்கு வந்தார். "இன்னா அண்ணி இது. ஃபாதர் பதினொரு மணிக்கு வரேன்னிருக்காரு. குழி வெட்ட ஆள் போயாச்சு."

"நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன் தம்பி. காலையிலயே போன் பண்ணேன். சரின்னுட்டாரு."

"நீங்களே பேசிட்டீங்களா?"

"என் புருஷன்தானே."

லூர்துவுக்கு அது தாங்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு. கட்டினவன் பொட்டியில கெடக்கான், இவ ஆட்டோ ஏறிப் போறாளாம். ஒரு நாள் போகலன்னா செத்தா போயிடுவ?"

"ஆமாக்கா" என்றாள் ஜான்சி. "செத்துதான் போயிடுவேன்."

பொய் சொல்லவில்லை அவள். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து நாலு வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று கிழக்குத் தாம்பரத்தில் மெஷினோடு படுத்தால்தான் உடம்பில் தேங்கிய நீர் இறங்கும். டயாலிசிஸ் என்ற வார்த்தை அந்த ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் புழங்குவதில்லை, மெஷின், அவ்வளவுதான். இன்றைக்கு விட்டால் நாளை ஞாயிறு, மறுநாள் அவளுக்கு முறை கிடையாது, செவ்வாய் வரை போய்விடும்.

ஒருமுறை விட்டும் பார்த்தாயிற்று. போன வருஷம் அந்தோணிசாமி மகளுக்குக் கல்யாணம், கீழ்க்கட்டளையில் மண்டபம். "வூட்டுக்குப் பெரிய மருமக நீ, நீயில்லாமலா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தவள் இதே லூர்துதான். ராத்திரிப் பந்தி முடிவதற்குள் மூச்சு முட்டி, பட்டுப்புடவையோடு ஐ.சி.யு.வில் கிடந்தாள் ஜான்சி.

அதற்குப் பிறகுதான் சவுரிமுத்து அந்த விளையாட்டைத் தொடங்கினார். விளையாட்டு என்று சொல்லலாமோ கூடாதோ. அவருக்கும் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. பிள்ளை குட்டி இல்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டு, "இன்னிக்கு நான் இல்ல" என்றார்.

"இல்லன்னா?"

"செத்துட்டேன்னு வெச்சுக்க."

"காலங்காத்தால வாயில நல்ல வார்த்தையே வராதா?"

போர்வை பேசவில்லை. ஃபைல் எங்கே, ஆட்டோக்கார ஹனீஃபாவின் நம்பர் எது, எந்த மாத்திரை இன்றைக்குக் கூடாது? போர்வையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தானே தேடி, தானே கூப்பிட்டு, தானே ஏறிப் போனாள். ஃபைலை மறந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று அழுதாள்கூட. எல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தால், எதிர் டீக்கடையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள். செத்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஃபைலை மறந்துட்டயாமே" என்றார். "நான் குழியிலேர்ந்து எழுந்தா கொண்டாந்து தர முடியும்?"

அவள் நாலு நாள் பேசவில்லை. ஆனால் அடுத்த தடவை அவர் 'இல்லாமல்' போனபோது, கதவுக்குப் பின்னால் அவளே எடுத்துவைத்த ஒரு பை தொங்கியது. அதில் ஃபைல், குளிருக்குச் சால்வை, உப்பில்லாத பிஸ்கட், சார்ஜர். அந்தப் பைதான் இப்போது அவள் தோளில் இருந்தது.

இன்று காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக இடது கையைக் காதில் வைத்துக் கேட்டிருந்தாள். ஊசி குத்துகிற அந்தக் கையில், ரத்தக் குழாயை ஒட்டுப்போட்ட இடத்தில், எப்போதும் ஒரு ரீங்காரம் ஓடும். அது ஓடும்வரை கவலையில்லை. தினமும் அவர்தான் காதை வைத்துக் கேட்டு, "ஓடுது" என்பார். இன்று அவளே கேட்டாள். ஓடியது.

பக்கத்து வீட்டு எல்லம்மா அழுதுகொண்டே வந்து அந்தக் கையைத்தான் பற்றினாள். "வாணாம்மா, இன்னிக்கி ஒரு நாளு..."

"இந்தக் கையை விடு எல்லம்மா. இதை யாரும் பிடிக்கக் கூடாது."

சொன்னது கொஞ்சம் உரக்கவே விழுந்துவிட்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஜான்சி உள்ளே வந்தாள். ஐஸ் பெட்டியின் அருகே போய் நின்றாள். அவருடைய முகம் திறந்தே இருந்தது. போர்வை இல்லாமல் அவர் இந்த ஆட்டம் ஆடுவது இதுதான் முதல் தடவை.

"சரிங்க. இன்னிக்கு நீங்க இல்ல" என்றாள். பிறகு, எல்லார் காதிலும் விழும்படி, "போயிட்டு வரேன்" என்றாள்.

கூடத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அதுவும் இந்த வார்த்தையை எதிரிகூடச் சொல்லமாட்டான்.

"அடியே, யார் வீட்ல நின்னு இன்னா வார்த்தை சொல்ற?" என்றாள் லூர்து.

"என் வீட்ல நின்னுதான்க்கா சொல்றேன். வரத்தான் போறேன்."

ஹனீஃபா தெருமுனையில் வண்டியை நிறுத்தியிருந்தார். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது, கண்ணாடியைப் பார்க்காமல், "நேத்தே தெரிஞ்சிதுக்கா. வருவியா மாட்டியான்னு போன்கூட போடல. வண்டிய எடுத்துகினு வந்துட்டேன்" என்றார். "அண்ணன் சொல்லி வெச்சிருந்தாரு. நான் பூட்டாலும் நீ கரீட்டா வந்து நில்லுடான்னு."

ஜான்சி சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எடை பார்த்து, கட்டிலில் படுத்து, கையை நீட்டினாள். ஊசியோடு வந்த நர்ஸ் ஃபஹீமா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அங்கிளக் காணோம்? மறுபடியும் ரிகர்சலா ஆன்ட்டி?"

"இல்லம்மா. இன்னிக்கு நிஜம்."

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. இரண்டு கட்டில் தள்ளி யாருடைய மெஷினோ கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தது.

"குத்தும்மா" என்றாள் ஜான்சி. "நாலு மணிக்கு அடக்கம். போகணும்."

வெளியே வந்தபோது எதிர் டீக்கடையில் வெயில் ஏறியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல்தான் ஆட்டோவில் ஏறி உட்கார நினைத்தாள். பார்த்துவிட்டாள். யார் யாரோ டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் செபமாலை மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்ததும், மேடவாக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி கதறிக்கொண்டு வந்து அவள் மேல் விழப்போனாள்.

"அந்தக் கையத் தொடாத" என்றாள் லூர்து. ஜான்சியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கட்டு போட்டிருக்குது பாரு."

நாலு மணிக்கு ஃபாதர் வந்தார். கல்லறையில் முதல் பிடி மண்ணை ஜான்சி வலது கையால் அள்ளிப் போட்டாள். மெஷினுக்குப் பிறகு எப்போதும் வரும் அசதி முழங்காலில் இருந்தது. அந்தோணிசாமி நாற்காலி கொண்டுவந்தார். அவள் உட்காரவில்லை.

பொழுது சாயும் நேரம் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் பெட்டி போன இடம் ஈரமாகக் கிடந்தது. ஆளுக்கு ஆள் காப்பி டம்ளரை அவளிடம் நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். குடித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று, அதில் ஒரு பங்கைத் தினமும் சாயங்காலம் ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றிக் கட்டியாக்கி வைப்பார் சவுரிமுத்து. நேற்றும் காப்பிக்கு முன்னால் ஊற்றியிருந்தார்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தட்டு நிறைந்திருந்தது. ஒரு கட்டியைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அது முழுசாகக் கரையும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு குழாயைத் திறந்து, காலியான அந்த ஒரு குழியில் மட்டும் தண்ணீர் பிடித்து, தளும்பாமல் தட்டை உள்ளே தள்ளினாள்.