மூன்றாவது ஆட்சேபணை

1949 மார்ச். ராயபுரத்தில் கிடங்குக் காவலாளி ஒருவர் துடுப்பால் அடிபட்டு இறந்த வழக்கு, ஐகோர்ட்டில் ஒன்பது ஜூரிகள் முன் நடந்தது. குற்றவாளிக் கூண்டில் முகத்துவாரக்குப்பத்து மீனவன் திருமலை. அடித்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் ஜூரிகள் நம்பிவிட்டால் தூக்கு.

அவனுடைய வக்கீல் வேதமாணிக்கம் காலையில் இரண்டு முறை ஆட்சேபிக்க எழுந்தார். பதிலையே சாட்சியின் வாயில் ஊட்டும் கேள்விக்கு ஒரு முறை. அடுத்தவர் சொல்லிக் கேட்டதைச் சாட்சி சொல்லப் புகுந்தபோது ஒரு முறை. சர்க்கார் வக்கீல் பக்கம் திரும்பாமல், நீதிபதியைப் பார்த்துக் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டும் ஏற்கப்பட்டன.

இடைவேளையில் திருமலையின் மனைவி மங்கை அவரை வராந்தாவில் மறித்தாள்.

“இன்னா சார் நீ, அவுங்க பேசச்சொல்ல குறுக்கால குறுக்கால எய்ந்துக்கினு கீறே?”

“அதுதாம்மா என் வேலை.”

“நல்லா கீது வேலை! எங்க குப்பத்துப் பஞ்சாயத்துல ஒருத்தன் பேசி முடிக்கங்காட்டியும் இன்னொருத்தன் வாயத் தொறந்தா, தப்பு அவன் மேலதான்னு தீத்துடுவாங்கோ. அந்தத் தலப்பாக்கார ஜூரி உன்னிய எப்டி மொறச்சாரு, பாத்தியா?”

“பஞ்சாயத்து வேறே, கோர்ட்டு வேறே. சொல்லக்கூடாததைச் சாட்சி சொல்றதுக்கு முன்னாலயே தடுக்கணும்.”

“எங்க இருந்தாலும் மன்சன் மன்சந்தானே. உன் கால்ல வுயறேன், கொஞ்சம் குந்து சார்.”

அந்த முறைப்பை வேதமாணிக்கமும் கவனித்திருந்தார்.

பிற்பகல் இரண்டு மணி நேரம் அவர் எழவில்லை. பிறகு போலீஸ் ஏட்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். ஸ்டேஷனில் திருமலை என்ன சொன்னான் என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. அதுவும் அடித்து வாங்கியது என்று திருமலை சொல்லியிருந்தான். கேள்வி முடிந்த கணமே எழ வேண்டும். வேதமாணிக்கம் மேஜையில் கையூன்றினார். குற்றவாளிக் கூண்டிலிருந்த திருமலை உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்காரும்படி கெஞ்சினான். அந்தக் கையைப் பார்த்தபடி அவர் ஒரு மூச்சு நேரம் எழாமல் இருந்துவிட்டார்.

“நான்தான் அடிச்சேன்னு அவனே சொன்னான், எஜமான்.”

ஏட்டின் பதிலை மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்வதற்குள் வேதமாணிக்கம் எழுந்து ஆட்சேபித்தார். ஏற்கப்பட்டது. பதில் பதிவில் ஏறவில்லை. காதில் விழுந்ததை மறந்துவிடும்படி நீதிபதி ஜூரிகளுக்கு உத்தரவிட்டார். ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் தமிழ் தெரியாதவர்கள் இரண்டே பேர்.

மறுநாள் முக்கால் மணி நேரத்தில் ஜூரிகள் திரும்பி வந்தார்கள். குற்றவாளி. நீதிபதி தூக்கு என்றார்.

மங்கை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

“மதியானத்துக்கு மேல ஒயுங்காத்தான் குந்திக்கினு இருந்தே. கடசீல ஒருவாட்டி எய்ந்தியே சார். அதாலதான் போச்சு.”

எழுந்ததால் அல்ல, எழத் தாமதித்ததால்தான் போயிற்று என்று சொல்ல வேதமாணிக்கம் வாயெடுத்தார். சொன்னால், உட்காரச் சொன்னவள் யார் என்பதையும் அவள் சுமக்க வேண்டியிருக்கும்.

“ஆமாம்மா,” என்றார். “நான் எழுந்திருக்கக் கூடாது.”