சுண்டெலியா, மற்றதா?

1

இந்தக் கதை என் தலைக்கவசத்துக்குள் இருந்து வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பனி உருகியதும் கராஜைத் திறந்து தலைக்கவசத்தை எடுத்து மாட்டப் போனேன். உள்ளே கிழிந்த பஞ்சு, சூரியகாந்தி விதைத் தோல், கருஞ்சீரகம் போலப் புழுக்கை. ஆத்திரத்தில் அதைத் தட்டி உதறினேன். தூசி பறந்தது, தும்மினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "சுண்டெலியா, மத்ததா?"

எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல் ஹில்டிங் என்று ஒருவனை உண்டாக்கி அவன் தலையில் கட்டினேன். கதை எழுதுகிறவர்கள் செய்யும் அயோக்கியத்தனங்களில் இது சின்னதுதான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே, சுவீடனின் வடக்கில், சுண்டெலிக்கு ஒரு சொல், காட்டிலிருந்து வீட்டுக்குள் புகும் குட்டைவால் எலிக்கு வேறு சொல். நமக்கு இரண்டும் எலிதான். சுண்டெலி வயரைக் கடிக்கும், சீட்டைக் குடையும், நஷ்டம் பணத்தோடு போய்விடும். குட்டைவாலின் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து, தூசியாகி, மூச்சில் போனால் காய்ச்சல் வரும், முதுகு வலிக்கும். அது சிறுநீரகத்தில் கைவைக்கும். 'எலிக்காய்ச்சல்' என்று எழுதினால் மழைத்தண்ணீரில் வரும் நம் ஊர் நோயை நினைப்பீர்கள். அது வேறு. ஆகவே குட்டைவால் காய்ச்சல் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.)

2

முதல் தொடக்கம்: "ஹில்டிங் கராஜ் கதவைத் தூக்கியபோது இருட்டுக்குள் ஏதோ ஒன்று" – வேண்டாம். பேய்ப்படம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "எலிக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் அப்படி என்னதான் பகையோ" – இதையும் விட்டுவிட்டேன். வேடிக்கை பண்ணும் மனநிலையில் நான் இல்லை.

நேராகவே சொல்கிறேன். ஹில்டிங் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், அறுபதை நெருங்குகிறவன். அவனுக்கு ஒரே ஒரு சிறுநீரகம். இன்னொன்று அவன் அக்கா சோல்வெய்யின் வயிற்றில் இருக்கிறது. கேட்காமலே கொடுத்தவன். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், தினமும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

[இந்த ஒற்றைச் சிறுநீரகத்தை இரண்டு முறை அடித்து நீக்கினேன். இவ்வளவு கொடுமை தேவையா என்று தோன்றியது. இரண்டு முறையும் திரும்ப எழுதினேன். அது இல்லாவிட்டால் பயம் என்னிடமே திரும்பி வந்துவிடுகிறது.]

'அக்கா' என்று அவனைக் கூப்பிட வைத்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

3

எலிகள் வந்ததற்குக் காரணம் தான்தான் என்று சோல்வெய் நினைத்தாள். அறுவைக்குப் பிறகு பூனை வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், பூனையைக் கொடுத்துவிட்டாள். குளிர்காலம் முழுக்கச் சிட்டுகளுக்குப் போடும் சூரியகாந்தி விதை மூட்டையைக் கராஜில் அவன் மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்ததும் அவள்தான்.

"உள்ள வராதே, வாசல்லயே நில்லு," என்றான் ஹில்டிங், பனி உருகிக் கராஜைத் திறந்ததும். மாற்றுச் சிறுநீரகத்துக்காக அவள் சாப்பிடும் மாத்திரைகள் நோய் எதிர்ப்பைக் குறைப்பவை, தூசியே ஆகாது. "நாசமாப் போறதுங்க! சீட்ட பூரா குடைஞ்சு வெச்சிருக்கு. வயரு ஒண்ணுகூட மிச்சமில்ல. இங்க பாரேன், என் கையுறையக் கிழிச்சு ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள மெத்தை போட்டிருக்கு!"

"மூக்கக் கட்டிக்கடா."

"சுண்டெலிதான், சோல்வெய். சுண்டெலிக்கெல்லாம் மூஞ்சிய மூடினா ஊரே சிரிக்கும்."

"தண்ணியாவது தெளிச்சுட்டு அள்ளு."

"தண்ணி தெளிச்சா கார்புரேட்டருக்குள்ள போயிடும். வண்டியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

புழுக்கையை நனைத்துத்தான் துடைக்க வேண்டும் என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் வண்டிக்காரன் எவனும் காற்றுப்பெட்டிக்குள் தண்ணீர் விடமாட்டான். ஹில்டிங் கம்ப்ரஸர் குழாயை எடுத்து, பெட்டியின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு ஊதினான். வெயில் விழுந்த இடத்தில் தூசி அவன் தலையைச் சுற்றி அப்படியே நின்றது. சோல்வெய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், தனக்காக அல்ல.

[இங்கே நான் தடுத்திருக்கலாம். "கம்ப்ரஸர் ஓடவில்லை. ஹில்டிங் அலுத்துக்கொண்டு ஒரு ஈரத்துணியை" – எழுதியும் பார்த்தேன். அவனை எனக்குத் தெரியும். சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தாவது ஊதியிருப்பான்.]

4

கூட்டை அவன் வெளியே மிச்சமிருந்த பனிமேல் கொட்டியிருந்தான். சோல்வெய் குச்சியால் கிளறினாள். செத்தது ஒன்று கிடந்தது. முதுகு செம்பட்டை. வால் அவள் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை.

பனியைத் தள்ளி அதை மூடினாள். உள்ளே போனாள், காப்பி போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா? ஆனால் சொல்லி என்ன ஆகும்? இதற்கென்று மருந்து இல்லை. வருவதானால் சில வாரம் கழித்துத்தான் வரும். அதுவரை அவனும் சேர்ந்து பயப்படுவான், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. சுண்டெலிதான் என்றேன்.

அதன்பின் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது, செருப்பு மாட்டக் குனியும்போது, தூங்கும்போது.

"முதுகு வலிக்குதா?"

"என்ன, என் உடம்பு மேல திடீர்னு இவ்வளவு அக்கறை? ஒண்ணு வாங்கினது பத்தலையா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

5

குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளையைச் சாலையிலிருந்து கூட்டி அள்ளும்வரை இங்கே யாரும் மோட்டார்சைக்கிளை வெளியே எடுப்பதில்லை. கூட்டும் வண்டி வந்துபோன மறுநாள் எல்லோரும் பெட்ரோல் பங்கில் கூடுவார்கள். ஹில்டிங் புது வயர் போட்டு, சீட்டுக்கு ஒட்டுப்போட்டு, என்ஜினைக் கிளப்பி ஏறி உட்கார்ந்தான்.

"இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தொடச்சு விடேன். ஒரே மங்கலா இருக்கு."

சோல்வெய் தலைக்கவசக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தாள்.

"இன்னும் போகல."

மறுபடி துடைத்தாள். அதில் அழுக்கே இல்லை. அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது.

(கடைசி அடிக்குறிப்பு, தாமதமாக: குட்டைவால் காய்ச்சல் வந்தால் பலருக்குக் கண் மங்கும். இங்கே எல்லோருக்கும் இது தெரியும். சோல்வெய்க்கும் தெரியும்.)

அவன் கழுத்தில் புறங்கையை வைத்தாள். சுட்டது. தோல் ஜாக்கெட், வெயில், ஓடும் என்ஜின், எதனால் வேண்டுமானாலும் சுடலாம்.

ஒரு முடிவு: வயதாகிறது, மூக்குக்கண்ணாடி போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், வேறொன்றும் இல்லை. எனக்கு இதுதான் வேண்டும். எழுதிவிட்டுப் படித்தேன், நானே நம்பவில்லை.

இன்னொன்று: ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பக்கத்தில் சோல்வெய், அவன் கொடுத்ததன்மேல் கையை வைத்துக்கொண்டு – இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே இவ்வளவுதான்:

"எறங்கு, ஹில்டிங். அது சுண்டெலி இல்ல."

"என்ன?" கவசத்துக்குள்ளிருந்து அவன் கத்தினான். "ஒண்ணும் கேக்கல!" கை கிளட்சில் இருந்தது.

அவள் குரல் அதற்குமேல் எழும்பாது. பயந்த குரல், நான் கொடுத்ததுதான். அவன் கிளட்சை விடுவதற்குள் யாராவது சாவியைத் திருப்ப வேண்டும். என் கை அவ்வளவு தூரம் எட்டாது. நீங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள்.