புளி போட்டுத் துலக்கிய ஆழமானி

கிருபனுக்கு நீர்மூழ்கி விசர் என்பது நோர்வேயில், ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்கத் தெரிந்த சங்கதி. மற்றவர்கள் நகை வாங்கிச் சேர்க்க, இவன் பிரிட்டிஷ்காரரின் போர்க்கால நீர்மூழ்கிகளில் கழற்றிய சாமான்களை வாங்கிச் சேர்ப்பான். மாலுமியின் தொப்பிப் பட்டி, தேத்தண்ணிக் கோப்பை, கடைசியாக ஒரு பித்தளை ஆழமானி. அது இருந்த நீர்மூழ்கி, ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த நோர்வேயின் கரையோரம் பதுங்கித் திரிந்து, பிறகு திருகோணமலையில் போய் நங்கூரம் போட்டது. தான் பிறந்த கடலையும் பிழைக்க வந்த கடலையும் ஒரே சாமான் கண்டிருக்கிறது என்றால் இவன் சும்மா இருப்பானா?

அன்று பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் புளி மணந்தது. படுக்கையறைத் தட்டில், கட்டிலின் தலைமாட்டில், ஆழமானி கார்த்திகை விளக்கீட்டுக்குத் துலக்கிய குத்துவிளக்குப் போல மின்னியது.

"இஞ்சாருங்கோ, பாத்தீங்களோ?" நிருஜா பின்னால் வந்து நின்றாள். இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் கலியாணம் முடித்து வந்தவள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம். "கண்ணாடியையும் கழட்டி உள்ளுக்கும் துலக்கினனான். மஞ்சள் ஊத்தை அப்பிடியே வந்தது."

அவள் ஊத்தை என்றது முகப்பில் இருந்த இலக்கங்களை. பாவி, ஒன்றைக்கூட மிச்சம் விடவில்லை. முதலில் அவனுக்கு வயிறு எரிந்தது. அடுத்த கணம்தான் அது என்ன மஞ்சள் என்பது ஞாபகம் வந்தது. அந்த மஞ்சள் பூச்சு ரேடியம், கதிர்வீச்சு உள்ளது. இருட்டில் ஆழம் தெரிவதற்காக அந்தக் காலத்தில் பூசியது. கண்ணாடியைத் திறக்காதே, தூசி வாய்க்குள் போனால் ஆபத்து என்று விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். சொன்னால் நிருஜா அதை வெளியே எறியச் சொல்லுவாள் என்று இவன் மூச்சுக் காட்டவில்லை.

"கை கழுவினனீரோ?"

"கழுவாமல் இருப்பனோ?"

"மிச்சப் புளியை என்ன செய்தனீர்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வாய்க்கு ஒண்டும் பிடிக்கேல்லைத்தானே. துலக்கத் துலக்க அதிலை கொஞ்சம் சூப்பினனான். ஏன் உங்கட முகம் இப்பிடிப் போகுது? சாமானைப் பழுதாக்கிப் போட்டனோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், சாமானுக்காகக் கோவிக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் பிள்ளை? கிருபன் கட்டிலில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னான். நிருஜா கத்தவில்லை.

"தெரிஞ்சுகொண்டோ என்ர தலைமாட்டிலை வைச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

கிருபன் எழும்பிப் போய்க் கதிர்வீச்சு அலுவலகத்துக்குப் போன் எடுத்தான்.

மறுநாள் காலையில் கதிர்வீச்சு அலுவலகத்துப் பெண் ஒருத்தி அளக்கும் கருவியோடு வந்தாள். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்தபோது கருவி கரகரத்தது. துலக்கிய துணிக்குக் கிட்டப் போனதும் விடாமல் கத்தியது. கிருபன் தெரிந்த கோயிலுக்கெல்லாம் மனதுக்குள் நேர்த்தி வைத்தான். பிறகு நிருஜாவின் விரல்கள், உதடு, வயிறு. கருவி அடங்கியே கிடந்தது.

"வெளியில் ஒன்றும் இல்லை. உள்ளே போயிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும். போயிருந்தாலும் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

பாதி உயிர் திரும்பி வந்தது. கிருபன் நிருஜாவின் தோளில் கையை வைத்தான். நேற்றிலிருந்து முகம் கொடுக்காதவள் விலகாமல் நின்றாள்.

"இப்படி வேறு ஏதும் வீட்டில் இருக்கிறதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். கண்ணாடி மூடின சாமான்தானே, நாளைக்கே சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிடலாம். நிருஜா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டியதை அவன் தமிழில் இவளுக்குச் சொன்னான்.

"பிறக்கப்போற பிள்ளையின்ர அறையிலை, தொட்டிலுக்குக் கீழை ஒரு பெட்டி இருக்கு. திசைகாட்டி, அதிலையும் உந்தப் பூச்சுத்தான். உமக்குத் தெரியாமல் வாங்கினனான்."

நிருஜா அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பிள்ளையின் அறைப் பக்கம் போனாள்.