இல்லாத விரல்களின் குளிர்

நடந்துவந்த காலுறையோடு உட்காரக் கூடாது என்று வீகாண்ட் சொன்னது சரிதான், காட்டுக்குள் பனியில் நடந்ததில் உள்ளங்கால் வேர்த்திருக்கிறது, இந்தக் குளிரில் வேர்க்கும் என்று யார் நினைத்தது... ஏணி ஏறி மேலே வந்ததும் குருமூர்த்தி பூட்ஸைக் கழற்றினான், ஈரக் காலுறையை உருவினான், சட்டைக்குள் வயிற்றோடு வைத்து எடுத்துவந்த உலர்ந்த ஜோடியைப் போட்டுக்கொண்டான், அதன்மேல் செய்தித்தாள் ஒரு சுற்று, அதன்மேல் இன்னொரு கம்பளிக் காலுறை, ஓர் அளவு பெரிய பூட்ஸ், உள்ளே வைக்கோல். எல்லாவற்றுக்கும் மேலே இடுப்புவரை ஏறும் ஆட்டுத்தோல் பை. அது ஒன்றுதான் இருந்தது, விருந்தாளிக்கு என்று வீகாண்ட் விட்டுக்கொடுத்துவிட்டார். சோளக்கொல்லைக் காவலுக்குக் கட்டும் பரணுக்குக் கூரை போட்டு மூன்று பக்கமும் பலகை அடித்தது போல் இருந்தது இந்த இடம், கீழே வெள்ளை வெளி, அதற்கப்பால் கறுப்பாகக் காடு. வீகாண்ட் அவனுக்கு வீட்டுக்காரர், அறுபது தாண்டியவர், மனைவி இறந்த பிறகு கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவர். ஜெர்மனியில் இந்தக் கோட்டிங்கன் பல்கலைக்கழக லாபில் உலோகத்தை உடைத்துப் பார்க்கிற இந்தியனுக்கு நரி வேட்டையைக் காட்டியே தீருவது என்று போன வருஷத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார், வெறிநோய் பரவுகிறதாம், நரிகளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தவன் இன்று மட்டும் ஏன் சரியென்றான்? நரியைப் பார்க்கவா? வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியதும் அவன் மனைவி அம்பிகா ஜன்னலை விட்டு நகரவில்லை. அவ காலுக்கு ஏதாவது போட்டாங்களா என்றாள், அக்டோபரிலிருந்து இதே கேள்வி, இதே குரல். அம்பிகா, ப்ளீஸ், இனிமே அவளுக்குக் குளிராது. எனக்குத் தெரியும் என்றாள். தெரிஞ்சா ஏன் கேக்கறே, மார்ச்ல காண்ட்ராக்ட் முடியுது, ஊருக்குப் போயிடலாம், எல்லாம் சரியாயிடும். அவளை இங்கயே விட்டுட்டா? அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூட்ஸுக்குள் விரலை மட்டும் அசைக்க வேண்டும், பலகையில் சத்தம் வரக் கூடாது, பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரைக்கும், மறுபடி சுண்டுவிரலில் தொடங்கி... ஆனாலும் குளிர் ஏறுகிறது, இவ்வளவு தோலையும் கம்பளியையும் தாண்டி எந்த வழியாக வருகிறது? வெளியிலிருந்து வருவது மாதிரியே இல்லை, உள்ளே எங்கோ இருந்து கீழே இறங்குவது மாதிரி இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கதகதப்பாகத்தான் இருந்தது, கையை விடுவதற்கு ஒரு வட்டமான ஓட்டை, உள்ளே விடுங்கள், தொடலாம் என்று நர்ஸ் சொன்னாள், அவன் முகத்தைத் தொடப் பயந்து பாதத்தைத் தொட்டான். அவனுடைய கட்டைவிரல் நீளம்கூட இல்லை அந்தப் பாதம். அவ்வளவு சூட்டிலும் அது மட்டும் ஜில்லென்று இருந்தது, நர்ஸிடம் கேட்டான், ரத்த ஓட்டம் இன்னும் அங்கே வரை போகவில்லை என்றாள். குறைமாதத்தில் பிறந்த மகள், சில நாள்தான் இருந்தாள், பெயர்கூட வைக்கவில்லை... இல்லை, அம்பிகா மனசுக்குள் ஒன்று வைத்திருக்கிறாள், அவனிடம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. அடக்கத்துக்கு அம்பிகாவை விடவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள், அவனும் வீகாண்டும் பாதிரியாரும்தான். கிறிஸ்தவக் குழந்தை இல்லை என்று பாதிரியார் தயங்கியபோது, குழந்தை குழந்தைதான் என்று வீகாண்ட் சொன்னது ஞாபகம் இருக்கிறது, வேறு என்ன ஞாபகம் இருக்கிறது? மழை. வெள்ளைப் பெட்டி. எடையே இல்லாத பெட்டி.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. வீகாண்ட் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து தன் இரண்டு பூட்ஸின் முன்பக்கத்தையும் கையால் பொத்திக்கொண்டிருந்தார். குருமூர்த்தி ஆட்டுத்தோல் பையை அவிழ்க்கப் போனான், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குக் குளிர்கிறது என்றான். வேண்டாம் ஹெர் மூர்த்தி, பை போட்டாலும் இது நிற்காது, என்று அவர் மூச்சுக்குள்ளேயே சிரித்தார், இங்கே ஒன்றும் இல்லை, ரஷ்யாவில் போரின்போது பனியில் கருகிப்போன பத்து கால்விரலையும் வெட்டி எடுத்துவிட்டார்கள், முன்னால் வெறும் பஞ்சுதான் அடைத்திருக்கிறேன். பிறகு எது குளிர்கிறது? விரல்தான். இல்லாத விரல்தான் முதலில் குளிர ஆரம்பிக்கும், இருக்கிற குதிகால் அதற்கப்புறம்தான். அவர் சொன்ன விதத்தில் புகார் ஏதும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார். டாக்டரிடம் கேட்கவில்லையா? கேட்டேன், அங்கே ஒன்றும் இல்லை, குளிர முடியாது என்றார். என் மனைவி லோட்டெயும் முதலில் அதையேதான் சொன்னாள், அங்கே ஒன்றும் இல்லையே ஓட்டோ என்று... அப்படிச் சொன்னால் இன்னும் மோசமாகும், ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டேன். ஒருநாள் பேசாமல் வந்து உட்கார்ந்தாள், விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றில், இரண்டு கையையும் குவித்து வைத்தாள். நான் தூங்கிவிட்டேன். அதன்பிறகு தினமும் வைப்பாள். இப்போது நானே வைத்துக்கொள்கிறேன், குளிர் அவ்வளவாக அடங்குவதில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து காட்டைப் பார்த்தார், குருமூர்த்திக்கு என்னவோ மாதிரி இருந்தது, அங்கே ஒன்றும் இல்லை, இனிமே குளிராது, இரண்டும் ஒரே வாக்கியம்தானா? அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லையே, லாபில் யாரைக் கேட்டாலும் சரியென்றுதான் சொல்வார்கள்...

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வீகாண்ட் பையிலிருந்து ஒரு சின்ன மரக்குழலை எடுத்தார், நரியை வரவழைக்க என்று சைகை காட்டினார், அடிபட்ட முயல் கத்துவது போல் ஊத வேண்டுமாம், சுலபமாகக் கிடைக்கும் இரை என்று நரி வந்துவிடுமாம். முயல் கத்தும் என்பதே குருமூர்த்திக்குத் தெரியாது. அவர் குழலை உதட்டில் வைத்து ஊதினார். பச்சைக்குழந்தை அழுதது. தொண்டை கட்டி, விட்டு விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி... அவள் அழவே இல்லையே, ஒரு தடவைகூட அழவில்லையே, நுரையீரல் போதாது என்றார்களே, அழுதிருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமா, இவ்வளவு பலமாக, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி? காட்டு ஓரத்தில் ஒரு செம்பழுப்பு நிழல் வெளியே வந்தது, நின்றது, காதை நிமிர்த்திப் பரணை நோக்கி ஓடிவரத் தொடங்கியது, வீகாண்டின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படிந்தது, அப்போது குருமூர்த்தி எழுந்துவிட்டான். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆட்டுத்தோல் பை கால்களைப் பிடித்திழுக்க, பலகை முறிவது போல் கிறீச்சிட, இரண்டு கையாலும் திறந்த பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, போதும், ஊதாதீங்க, ஊதாதீங்க என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தான், அவர் ஊதி முடித்துக் குழலை எப்போதோ கீழே வைத்திருந்தார். நரி இல்லை. வெளி வெறுமையாக இருந்தது. வீகாண்ட் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, அவனைப் பார்க்காமலேயே சொன்னார், வீட்டுக்குப் போங்கள் ஹெர் மூர்த்தி. நான் மெதுவாக வருகிறேன்.

வீட்டில் விளக்கு எரியவில்லை. மாடிப்படியில் நின்று அம்பிகா என்று கூப்பிட்டான், பதில் இல்லை, ஆணியில் அவளுடைய கோட்டும் இல்லை, வாசலிலிருந்து சின்னக் காலடிகள் பனியில் தெருவோடு போயிருந்தன, தேவாலயத்துப் பக்கம். எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான், எழுந்திரு, ஜுரம் வரும், பேசிக்கலாம் வா... கல்லறைத் தோட்டத்துக் கதவு திறந்து கிடந்தது, சுவரோரத்தில் சின்னக் குழிகளின் வரிசை, மகளுடையதற்கு இன்னும் கல் வைக்கவில்லை, மண் இறங்கிய பிறகுதான் வைப்பார்களாம், மேலே மூடியிருந்த தேவதாருக் கிளைகளும் பனிக்குள் போய்விட்டன. அம்பிகா மண்டியிட்டிருந்தாள், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் உள்ளங்கைகளால் ஓரிடத்தில் பனியை விலக்கிக் கிளைகளின் மேல் அழுத்திக்கொண்டிருந்தாள், விரல் நுனிகள் சிவந்துபோயிருந்தன. காலடிச் சத்தம் கேட்டும் தலையைத் தூக்கவில்லை.

"நீங்க போங்க. நான் வந்துடறேன்."

குருமூர்த்தி இன்னும் இரண்டடி எடுத்து வைத்தான்.

"என்னங்க... நீங்கதானே இருந்தீங்க அன்னிக்கு." இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "கால் எந்தப் பக்கம்?"

மழை, வெள்ளைப் பெட்டி, பாதிரியாரின் குடை, பெட்டியை இறக்கியவர் எந்தப் பக்கம் நின்றார், சுவர்ப்பக்கமா, பாதைப்பக்கமா, தலைமாடு எது... நினைத்து நினைத்துப் பார்த்தான், அவன்தான் இருந்தான், அவனைத் தவிர அவள் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. குருமூர்த்தி கையுறையைக் கழற்றினான், அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் மண்டியிட்டான், அங்கே பனியை விலக்கி இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான். அம்பிகா தன் கைகளை எடுக்கவில்லை. அவர்களுக்கு நடுவில் இருந்த இடம் ஒரு முழம்கூட இருக்காது, இவ்வளவு சின்னதா என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது, அந்தக் கால் தன் கைக்குக் கீழே இருக்கிறதா அவள் கைக்குக் கீழே இருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை.