பச்சமுத்து குடிக்காத குடி

கள்ளக்குறிச்சியில் ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்தில் புதன்கிழமை காலையானால் பத்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிடுவார்கள். குழுவை நடத்தும் ஆலோசகர் தேவிப்ரியாவுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அவரவர் கதையை அவரவர் சொல்ல வேண்டும், அடுத்தவருக்குப் புத்தி சொல்லக் கூடாது. முடிந்ததும் டீயும் சுண்டலும் உண்டு.

ரிஷிவந்தியத்திலிருந்து கரும்பு விவசாயி காசிநாதன், தன் நிலத்தில் வேலை செய்யும் பச்சமுத்துவை அங்கே கூட்டி வந்தார். "நம்ம ஆளு ஜாஸ்தி குடிக்கிறான் மேடம், நீங்கதான் சரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியை வட்டத்துக்கு இரண்டடி வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என்ன கூத்து பாருங்கள்! பச்சமுத்து பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. தினமும் குடித்தவர் காசிநாதன்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் சந்தியா, குடியை விட்டால்தான் பேத்தியைத் தூக்கத் தருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். விடத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் ஊரில் நாலு பேர் கும்பிடுகிற மனிதர், நோயாளி என்று தன் பேரைக் கொடுப்பதா? துணைக்கு வந்தவர் போல உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்று பச்சமுத்துவின் பேரைக் கொடுத்துவிட்டார். பச்சமுத்துவும் பாவம், ஐயாவிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்.

ஐயாவின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை. நுனியில் தொற்றிக்கொண்டு திருதிருவென விழித்தார் பச்சமுத்து. குடித்திருந்தால்தானே கதை இருக்கும்? வேறு வழியில்லாமல் ஐயாவின் கதையையே தன் கதையாக எடுத்து விட்டார். வண்டியோடு கரும்புக் கொல்லை வாய்க்காலில் விழுந்தது, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிப் பாடியது எல்லாம் வந்தது. வட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டடி தள்ளி காசிநாதன் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

இதற்குள் ஊர் பச்சமுத்துவைக் குடிகாரன் என்று முடிவே கட்டிவிட்டது. அவர் மனைவி பாப்பாத்தி தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கேலி தாங்காமல் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அப்போதும் பச்சமுத்து ஐயாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நாலாவது புதன்கிழமை, குடியால் எது ரொம்ப வலித்தது என்று தேவிப்ரியா கேட்டார். பச்சமுத்து நாற்காலி நுனியில் இருந்தபடியே சொன்னார்.

"நான் வூட்டுக்குள்ள நொழஞ்சா எம் பொண்ணு கொழந்தயத் தூக்கிக்கினு ரூமுக்குப் பூடும் மேடம். காலித் தொட்டில ஆட்டிக்கினு நின்னேன். யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கினு."

காசிநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையும் இந்த மனிதர் பார்த்திருக்கிறாரா? கண் நிறைந்துவிட்டது. எழுந்து, நாற்காலியைத் தூக்கி வந்து பச்சமுத்துவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பச்சமுத்து குடிக்கறவரு இல்ல மேடம். அவுரு சொன்னது பூரா என் கத. தொட்டில ஆட்டுனது நான்தான். அவுரு பேர அடிச்சிட்டு எம்பேர எழுதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. குழுவில் இருந்த லாரி டிரைவர் பகலவன் மெல்லக் கைதட்ட, வட்டமே சேர்ந்து தட்டியது. தான் இனி வர வேண்டாமா என்று பச்சமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டபோதுதான் சிரிப்பு வெடித்தது. சுண்டலுக்காவது வரச் சொன்னார் பகலவன்.

அன்று மாலையே காசிநாதன் ஊர் டீக்கடையில் எல்லோர் காதும் கேட்க உண்மையைச் சொன்னார். பாப்பாத்தி வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். குடிக்காமல் மூன்று மாதம் தாண்டியபின், ஒரு புதன்கிழமை விடிகாலையில் சந்தியா தானாகவே குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

அந்தப் பூரிப்போடு அவர் மையத்துக்கு வந்தபோது, வாசலில் ஒரு புது ஆள் இன்னொருவரை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றார். மச்சான் ரொம்பக் குடிக்கிறார் என்றார். சொன்னவரின் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

காசிநாதன் ஒரு நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டார். தேவிப்ரியாவின் சட்டத்தை மீறி, ஒரே ஒரு புத்தி சொன்னார்.

"மச்சான் வெளிய டீ குடிக்கட்டும், நீங்க வந்து உக்காருங்க. எனக்கு நோவு இருக்குன்னு சொல்றது அசிங்கம் இல்லீங்க. நம்ம நோவ இன்னொருத்தர் தலையில கட்டறதுதான் அசிங்கம்."